பலாலியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரிடம் ஓர் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், அவர் பெரும்பாலும் மைல் கணக்கில் விடை சொல்லமாட்டார். "கூப்பிடு தூரந்தான்" என்பார். "அரை மணித்தியால நடை" என்பார். "பஸ்ஸிலே போனால் ஒரு மணித்தியாலம்" என்பார். தூரத்தைக் கேட்டவருக்கு நேரத்தையே விடையாகத் தருவது நம்மவர் வழக்கம். பிரயாணம் செய்வோருக்கு உண்மையில் வேண்டியதும் அதுதான். ஆயினும் ஆகாய மார்க்கமாகச் செல்லும்போது இவ்விரண்டும் எளிதில் ஒன்றுக்கொன்று விடையாவதில்லை. பலாலி விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் இடையிலுள்ள வழியை எடுத்துக்கொண்டால் இது நன்கு விளங்கும்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். இதற்கு வேண்டியது பாடசாலைத் தேசப்படம் ஒன்றே. பலாலி, பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகை 47½ கலையிலுள்ள அகலக்கோட்டில் இருக்கிறது. சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 12 பாகை 59 கலையில் இருக்கிறது. நெடுங்கோட்டை நோக்கினால் பலாலி கிழக்கே 80 பாகை 4 கலை. சென்னை 80 பாகை 10 கலை. அதாவது, சென்னை பலாலிக்கு ஏறக்குறைய நேர் வடக்கே உள்ளது. கிழக்குப் பக்கமாக அது விலகியிருப்பது பத்துக் கிலோமீட்டர் அளவே.

நேர் வடக்கே இருப்பதால் கணக்கு மிகவும் இலகுவாகிறது. அகலக்கோட்டில் ஒரு கலை என்பது பூமியின் மேற்பரப்பில் ஒரு கடல் மைல். மாலுமிகளும் விமானிகளும் இன்றுவரை கடல் மைலைக் கைவிடாமல் இருப்பதற்குக் காரணமும் இதுவே. சாதாரண மைல் மனிதர் வகுத்துக்கொண்ட அளவு. கடல் மைலோ பூமியின் உருண்டை வடிவத்திலிருந்தே பிறந்த அளவு. தேசப்படத்தின் ஓரத்தில் உள்ள பாகைகளை எண்ணத் தெரிந்தவனுக்கு வேறு அளவுகோல் வேண்டியதில்லை. 12 பாகை 59 கலையிலிருந்து 9 பாகை 47½ கலையைக் கழித்தால் 3 பாகை 11½ கலை எஞ்சும். பாகைக்கு அறுபது கலையாக அது 191½ கலை. ஆகவே 191½ கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர் ஆதலால், இது ஏறத்தாழ 355 கிலோமீட்டர்.

இதே முறையில் தெற்கே அளந்தால் பலாலியிலிருந்து இரத்மலானைக்கு 330 கிலோமீட்டர் அளவு வருகிறது. யாழ்ப்பாணம் கொழும்புக்கும் சென்னைக்கும் நடுவே, இரண்டுக்கும் ஏறக்குறையச் சமதூரத்தில் கிடக்கிறது என்பதை இதனால் அறியலாம். திருச்சிராப்பள்ளியோ இன்னும் அண்மையில், 184 கிலோமீட்டரில் உள்ளது. யாழ்ப்பாணத்தவருக்கு மிக அண்மையிலுள்ள பெரிய நகரங்களில் திருச்சியும் ஒன்று என்பது பலர் எண்ணிப் பாராத விஷயம்.

தேசப்படத்தைக் கையிலிருந்து வைக்குமுன் இன்னொரு காரியம் செய்து பார்க்கலாம். சென்னை விமான நிலையத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு அடிமட்டத்தை வைத்து ஒரு நேர்கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகச் செல்லும். குடாநாட்டின் அகலக்கோட்டை அடையும்போது அது ஏறத்தாழ 80 பாகை நெடுங்கோட்டிலே, அஃதாவது யாழ்ப்பாண நகரத்தை ஒட்டியே போகிறது.

இந்தக் கோட்டின் பொருளை யாழ்ப்பாணத்து மக்கள் நாற்பது ஆண்டுகள் அனுபவித்து அறிந்தார்கள். 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி, அப்போது புதிதாகத் தோன்றிய எயார் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குச் சென்றது. பலாலி நிலையத்துக்கு அக்காலத்தில் காங்கேசன்துறை விமான நிலையம் என்றே பெயர் வழங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானிய விமானப்படைக்காக அமைக்கப்பட்ட அந்த ஓடுபாதை இவ்வாறு பொதுமக்களுக்குப் பயன்பட்டது. ஆனால், 1970களின் இறுதியில் எயார் சிலோன் மறைந்தது. நாட்டில் போரும் மூண்டது. பலாலியிலிருந்து சென்னைக்கு நேரே பறக்கும் வழி 2019ஆம் ஆண்டு வரை பொதுப் பிரயாணிகளுக்கு இல்லாமலே போயிற்று.

அக்காலத்தில் சென்னைக்குச் செல்ல வேண்டிய ஒருவர் முதலில் தெற்கே கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழியாகச் சென்றார். பின்னர் கட்டுநாயக்கவிலிருந்து வடக்கே 645 கிலோமீட்டர் பறந்தார். 355 கிலோமீட்டரில் உள்ள ஊரை அடைவதற்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற் பிரயாணம். அதிலும் வேடிக்கை என்னவெனில், பறந்த தூரத்தின் நடுப்பகுதியில் அவர் தாம் புறப்பட்டு வந்த ஊரின் அயலுக்கே திரும்பவும் வந்து, அதைக் கடந்து போயிருப்பார். வேடிக்கை என்பது ஒரு பேச்சுக்கு. நோயாளியை அழைத்துக்கொண்டு போனவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திராது.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் அது நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கி, 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் வழி திறந்தது.

இனி நேரத்தைப் பார்ப்போம். இச்சேவைகளில் ஈடுபடுத்தப்பட்டவை ஏ.ரி.ஆர். 72 என்னும் வகை விமானங்கள். இரு சிறகுகளிலும் பெரிய விசிறிகள் சுழல, எழுபது பேர் அளவில் ஏற்றிச் செல்பவை. குறுகிய ஓடுபாதையிலும் ஏறி இறங்க வல்லவை. உயரத்தில் நிலைகொண்டு பறக்கையில் இவற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 510 கிலோமீட்டர். 355ஐ 510ஆல் வகுத்தால் 42 நிமிடம் வருகிறது. ஆனால், நேர அட்டவணையைப் பார்ப்பவர் அங்கே ஒன்றேகால் மணித்தியாலம் என்று காண்கிறார். மிகுதி அரை மணித்தியாலம் எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்குள்ளேதான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்தவுடன் 510 கிலோமீட்டர் வேகத்தைப் பெற்றுவிடுவதில்லை. ஐந்து, ஆறு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறுவதற்கு அது பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்கிறது. மேட்டில் ஏறும் சைக்கிள்காரனைப்போல, அந்த நேரத்தில் அதன் சக்தியில் ஒரு பகுதி உயர்வதிலே செலவாகிறது. முன்னோக்கிய வேகம் குறைந்தே இருக்கும். இறங்கும்போதும் அப்படியே, நிலத்தைத் தொடுமுன் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தே ஆகவேண்டும். ஆகவே நீண்ட பிரயாணத்தில் முழு வேகத்தில் பறக்கும் பங்கு பெரிது. குறுகிய பிரயாணத்தில் அது சிறிது. சென்னை வழியில் பாதியளவு ஏறுவதிலும் இறங்குவதிலும் கழிந்துவிடுகிறது. மணிக்கு 830 கிலோமீட்டர் வேகமுள்ள ஜெட் விமானத்தை இந்த வழியில் விட்டாலும் மீதமாவது மிகச் சில நிமிடங்களே. ஜெட் விமானம் இன்னும் உயரத்துக்கு ஏறவேண்டியது. ஏறி முடிந்ததும் இறங்கும் நேரம் வந்துவிடும். 1947இன் டக்கோட்டா மணிக்கு 270 கிலோமீட்டர் அளவிலே பறந்தது. கணக்கின்படி அதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் பிடித்திருக்கும். எழுபது ஆண்டுகளில் விமானத்தின் வேகம் ஏறக்குறைய இருமடங்காயிற்று; பிரயாண நேரமோ பாதியாகவில்லை.

அடுத்தது திசை. சென்னை நேர் வடக்கே இருக்க, பலாலியின் ஓடுபாதை வடகிழக்கும் தென்மேற்குமாகக் கிடக்கிறது. ஓடுபாதைகளின் இரு முனைகளிலும் பெரிய எண்கள் எழுதப்பட்டிருக்கும். பலாலியில் ஒரு முனையில் 05, மறுமுனையில் 23. இவை திசைகாட்டியின் பாகைகளை இறுதிப் பூச்சியத்தை விட்டுச் சுருக்கிச் சொல்லுபவை. 05 என்றால் 50 பாகை, 23 என்றால் 230 பாகை. சென்னையின் பிரதான ஓடுபாதை 07, 25. அதாவது ஏறத்தாழக் கிழக்கு மேற்கு. ஆகவே இரு முனைகளிலும் விமானம் வளைந்து திரும்பியே தன் வழியைப் பிடிக்கவேண்டும். இறங்கும்போதும் வளைந்தே ஓடுபாதைக்கு நேராக வரவேண்டும்.

எந்தப் பக்கமாக ஏறுவது, எந்தப் பக்கமாக இறங்குவது என்பதைக் காற்றே தீர்மானிக்கிறது. விமானம் எப்போதும் காற்றை எதிர்கொண்டே ஏறும், எதிர்கொண்டே இறங்கும். எதிர்க்காற்றில் சிறகுக்குத் தாங்குசக்தி விரைவில் கிடைப்பதே காரணம். எனவே வாடை வீசும் மார்கழி, தை மாதங்களில் பலாலியிலிருந்து வடகிழக்கே கடலை நோக்கி எழுவதும், சோளகம் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கே எழுந்து வளைந்து வருவதும் இயல்பு. சென்னையிலும் சோளகக் காலத்தில் கடற்பக்கமாக வந்து மேற்கு நோக்கி இறங்கலாம். தெற்கிலிருந்து கடல்மேலாக வரும் விமானத்துக்கு இது வசதி. வாடைக் காலத்திலோ நகரத்தைச் சுற்றி மேற்கே போய்க் கிழக்கு நோக்கி இறங்க நேரும். தேசப்படத்தின் 355 கிலோமீட்டர் இவ்வாறு சில நாட்களில் நானூறை அணுகிவிடக்கூடும்.

உயரத்தில் வீசும் காற்றின் தொழில் வேறு. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகு விடுவோர் இதை நன்கு அறிவர். நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்குமானால், படகோட்டி அணியத்தை நேரே துறையை நோக்கி வைக்கமாட்டான். நீரோட்டம் வரும் பக்கமாகச் சற்றே சாய்த்து வைப்பான். படகு சாய்ந்து நிற்பதுபோலத் தோன்றினும் நேரே துறைக்குப் போய்ச் சேரும். ஆனால், அதன் முயற்சியில் ஒரு பங்கு நீரோட்டத்தோடு மல்லுக்கட்டுவதில் கழிவதால், சிறிது தாமதமாகும். மேற்கிலிருந்து காற்று வீசும்போது வடக்கே செல்லும் விமானமும் தன் மூக்கை மேற்குப் பக்கமாகச் சற்றே திருப்பிக்கொண்டுதான் பறக்கிறது.

நேரே பின்னிருந்தோ முன்னிருந்தோ வீசும் காற்றின் கணக்கு இன்னும் தெளிவானது. மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றைக் கொள்வோம். பின்காற்றானால் நிலத்தின்மேல் விமானத்தின் வேகம் 560. 355 கிலோமீட்டருக்கு 38 நிமிடம். எதிர்க்காற்றானால் வேகம் 460. நேரம் 46 நிமிடத்துக்குச் சற்று மேல். போகும்போது தந்ததை வரும்போது எடுத்துக்கொள்வதால் கணக்குச் சரியாகிவிடும் என்று ஒருவர் நினைக்கலாம். அப்படியாவதில்லை. பின்காற்று மீதப்படுத்தியது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. எதிர்க்காற்று பறித்ததோ நாலரை நிமிடம். எதிர்க்காற்றினுள்ளே விமானம் அதிக நேரம் இருக்க நேர்வதே இதற்குக் காரணம். காற்று வீசும் நாளிற் போய்வரும் பிரயாணம் காற்றில்லா நாளிலும் பார்க்கச் சற்று நீண்டதாகவே முடியும்.

இவையெல்லாவற்றையும் சேர்த்தால் விமானம் வானத்தில் இருக்கும் நேரம் ஐம்பத்தைந்து நிமிடம் அளவாகிறது. அட்டவணையின் எழுபத்தைந்து நிமிடத்துக்கு இன்னும் இருபது குறைகிறது. அட்டவணை விமானம் பறக்கும் நேரத்தைச் சொல்வதில்லை என்பதே இதன் விளக்கம். நிற்கும் விமானம் உருளாதிருக்கச் சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைப்பது வழக்கம். அந்தக் கட்டையை எடுத்த நேரந்தொட்டு, மறு நிலையத்தில் மீண்டும் கட்டை வைக்கும் நேரம் வரையுள்ள காலத்தையே அட்டவணை காட்டுகிறது. ஓடுபாதைக்கு உருண்டு செல்வதும், முன்னே நிற்கும் விமானங்களுக்கு வழிவிட்டு முறை காத்திருப்பதும், இறங்கியபின் நிற்குமிடத்துக்கு வருவதும் அதனுள் அடங்கும். பலாலியில் இதற்கு அதிக நேரம் செல்லாது. சென்னை, விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திறங்கும் பெருநிலையம். அங்கே காத்திருப்புக்கும் சேர்த்தே நேரம் ஒதுக்கவேண்டியிருக்கிறது.

அட்டவணையில் இன்னொரு கண்ணியும் உண்டு. அதில் எழுதப்படுவது அந்தந்த ஊர் நேரம். இன்று இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கடிகாரம் ஒன்றே ஆதலால் கழித்துப் பார்த்தாற் போதும். ஆனால், 1996 மே மாதத்தில் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்து, 2006 ஏப்ரல் வரை இந்தியாவிலும் அரை மணித்தியாலம் முந்தியிருந்தது. அக்காலத்திற் கொழும்பிலிருந்து சென்னைக்குப் போனவரின் அட்டவணைக் கணக்கில் அரை மணித்தியாலம் குறைந்தும், திரும்பியவருக்கு அரை மணித்தியாலம் கூடியும் தோன்றியிருக்கும். விமானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குறுகிய வழியாயிற்றே, எரிபொருளும் கொஞ்சம் போதும் என்று எண்ணலாகாது. சேரவேண்டிய நிலையத்தை அடைவதற்கு வேண்டியதுடன், அங்கே மழையாலோ மூடுபனியாலோ இறங்க முடியாவிட்டால் வேறொரு நிலையத்துக்குப் போவதற்கு வேண்டியதும், அதற்கு மேலும் அரை மணித்தியாலம் வானத்தில் வட்டமிடுவதற்கு வேண்டியதும் விமானத்தில் இருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் விமானம், வேண்டுமானால் திருச்சிக்கோ கட்டுநாயக்கவுக்கோ போய்ச் சேரத்தக்கதாகவே கிளம்புகிறது.

தெற்கே உள்ள 330 கிலோமீட்டரையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். 1990இல் யாழ்தேவிப் புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்றது. 2014 ஒக்டோபரிலேதான் மீண்டும் வந்தது. தரைவழி அடைபட்டிருந்த ஆண்டுகளிற் கொழும்புக்குப் போக வேண்டியவர்களுக்குக் கப்பலும் பலாலி விமானமுமே கதியாயின. ஒரு மணித்தியாலப் பறப்புக்காக அனுமதி பெற்று, சோதனைகளைக் கடந்து, நாட்கணக்கிற் காத்திருந்தவர் பலர். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய அன்ரனோவ் விமானம் ஒன்று மன்னாருக்கு அப்பால் ஏவுகணையால் தாக்கப்பட்டுக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். 2012ஆம் ஆண்டிலேதான் சிதைவுகள் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டன. பிரயாணிகளின் உடுப்புகள் பின்னர் உறவினர் அடையாளங் காண்பதற்காக வைக்கப்பட்டன. பதினான்கு ஆண்டுகளாக வழி பார்த்திருந்த வீடுகள் குடாநாட்டில் இருந்தன.

இன்று சென்னைக்குச் செல்லும் ஒருவரின் நேரக் கணக்கை முழுமையாகப் போடுவோமானால், அதைச் சாவகச்சேரியில் உள்ள அவர் வீட்டு வாசலில் தொடங்கவேண்டும். பலாலி வரையுள்ள வீதிக்கு ஒரு மணித்தியாலம். வெளிநாட்டுப் பிரயாணமாதலால் கடவுச்சீட்டு, சுங்கம், பொதிகளின் சோதனை ஆகியவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே இருக்கவேண்டும். வானத்தில் ஐம்பத்தைந்து நிமிடம். சென்னையில் மீண்டும் குடிவரவுச் சோதனை, பொதிக்காகக் காத்திருத்தல், பின்னர் நகரத்துத் தெருக்களின் நெரிசல். ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாது. அந்த ஆறிலும் இறகு முளைத்த நேரம் ஒன்றுக்கும் குறைவே.

அந்த ஐம்பத்தைந்து நிமிடத்தில் இடப்பக்கச் சாளரத்தருகே இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. வழி பெரும்பாலும் வங்கக் கடலின்மேலேயே செல்கிறது. நேர்கோட்டின்படி, வானம் தெளிந்த நாளில் முதலில் கோடிக்கரையின் முனையும், பின்னர் இருபத்தைந்து கிலோமீட்டர் மேற்கே நாகபட்டினமும், இன்னும் தொலைவிற் கடலூரும் கரையோரக் கோடாகத் தெரியும். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கிய பிரயாணிகள் கப்பல் இதே கடலின் 110 கிலோமீட்டரைக் கடக்க நான்கு மணித்தியாலம் அளவு எடுத்தது. மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே கரை அருகில் வந்துவிடும். அப்போது விசிறிகளின் இரைச்சல் தணிந்து, விமானம் இறங்கத் தொடங்கி இருக்கும்.